அம்மாவின் சர்க்கரையும் ஒரு கிலோ கஞ்சிப்பாசியும்

நேற்று மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து அம்மாவின் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 174. ஐந்து மாதத்துக்கு முன்னால் இதே சாம்பார், இதே பீன்ஸ் பொரியலுக்கு 241 இருந்தது. இந்த வித்தியாசத்துக்குக் கடல்பாசிதான் காரணம் என்று தொடக்கத்தில் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. அந்தப் பாதியைக் கண்டுபிடிக்க எனக்குச் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் நூறும் பல வாரங்களும் ஆயின. வேறு யாரும் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு இராமநாதபுரத்தில். அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரை வந்து 11 வருடம் ஆகிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை. காலை வெறும் வயிற்றில் 130, 140 என்று இருக்கும். மதியம் சோறு சாப்பிட்டதும் 240-ஐத் தாண்டிவிடும். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் (HbA1c) 8.4 சதவீதம். சோற்றைக் குறையுங்கள் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார், அம்மாவும் தலையாட்டுவார். ஆனால் சோறு குறைந்தால் மூன்றரை மணிக்குப் பசி பிடுங்கும். பிஸ்கட் டப்பா திறக்கும். அதோடு அன்றைய கணக்கு முடிந்துவிடும்.

நோன்பு மாதத்தில் ஒரு நாள் கீழக்கரை நண்பன் வீட்டில் நோன்பு திறக்கக் கடல்பாசி வைத்திருந்தார்கள். பாலும் சீனியும் ஊற்றிக் காய்ச்சி, தட்டில் உறையவைத்து, சாய்சதுரமாக வெட்டியது. இரண்டு துண்டு சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிட்டது. சீனி இல்லாமல் இதை அம்மாவுக்குச் செய்து கொடுத்தால் என்ன என்று வரும் வழியிலேயே தோன்றியது.

முதல் தப்பை அடுத்த நாளே செய்தேன். கடையில் சைனா கிராஸ், அதாவது கடல்பாசியிலிருந்து எடுத்துக் காயவைத்தது, பாக்கெட் இரண்டு வாங்கி, 120 ரூபாய், காய்ச்சுவானேன் என்று மிக்சியில் பொடியாக்கி மோரில் ஒரு ஸ்பூன் கலக்கிக் கொடுத்துவிட்டேன். சைனா கிராஸ் குளிர்ந்த தண்ணீரில் கரையாது, ஊறி உப்பும். அம்மா இரண்டு மடக்கு குடித்ததும் அது தொண்டையில் ஒட்டிக்கொண்டது. இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. வெந்நீர் கொடுத்து, முதுகைத் தடவி, அது இறங்குவதற்குள் என் கை நடுங்கிவிட்டது. காய்ச்சாத சைனா கிராஸை, அது பொடியோ இழையோ, யாருக்கும் கொடுக்காதீர்கள். வயதானவர்களுக்கு இது மூச்சையே அடைத்துவிடும்.

முதலில் செய்திருக்க வேண்டியதை அதற்குப் பிறகுதான் செய்தேன். அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போய், இப்படி ஒன்று செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் முதலில் தைராய்டுப் பரிசோதனை எழுதினார், 250 ரூபாய். கடல்பாசிகளில் அயோடின் உண்டு, அதிலும் குளிர்கடலில் வளரும் பழுப்புப் பாசிகளில் மிக அதிகம், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடக்கூடாது என்றார். அம்மாவுக்குத் தைராய்டும் சிறுநீரகமும் சரியாக இருந்தன. ‘மாத்திரையில கை வைக்கக் கூடாது. பாசியைச் சாப்பாட்டுக்கு முன்னாடி கொடுங்க, மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின்னாடி. தண்ணி நிறையக் குடிக்கணும்’ என்றார். இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், மெட்ஃபார்மின் மட்டும் என்பதால்தான் சரி சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கடற்பாசிச் சாற்றிலிருந்து சர்க்கரை நோய்க்கென்றே ஒரு கேப்சூல் கொண்டுவந்திருக்கிறது. அதைப் பற்றியும் கேட்டேன். அது பாசியிலிருந்து குறிப்பிட்ட சத்துகளைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கியது, அடுப்பில் காய்ச்சுகிற பாசியோடு அதை ஒன்றாக நினைக்க வேண்டாம், ஒரே நேரத்தில் இரண்டையும் தொடங்கினால் எது வேலை செய்கிறது என்று தெரியாது என்றார். அந்தப் பேச்சு பின்னால் எனக்கு ரொம்ப உதவியது.

பாக்கெட் சரக்கு வேண்டாம், இருப்பதே பாசி விளையும் கடற்கரை மாவட்டத்தில்தானே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபம் போனேன். கரையில் ஒதுங்கிக் கிடந்ததை ஒரு பை நிறைய அள்ளினேன். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் அக்கா ஒருவரைத் தெரியும், பாலம் தாண்டிப் போய் அவரிடம் காட்டினேன். பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே கீழே கொட்டிவிட்டார்.

‘கரையில ஒதுங்குனத அள்ளிட்டு வந்துட்டீகளா தம்பி? இது கட்டக்கோரை. அழுகிப் போச்சு. இதத் திங்கவா போறீக?’

பாசியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா வீட்டுத் திண்ணையில் கற்றதுதான். கட்டக்கோரை பழுப்பு நிறம், சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் இருக்கும், சாப்பிட அல்ல, கம்பெனிக்குப் போவது. பக்கோடாப் பாசியும் அப்படித்தான். மரிக்கொழுந்துப் பாசி குட்டையாகப் பாறையில் ஒட்டியிருக்கும், கெட்டியாக உறையும், விலையும் கூட. கஞ்சிப்பாசி நூல் நூலாகக் கிளைவிட்டிருக்கும், கஞ்சி காய்ச்சத் தோதானது என்பதால்தான் அந்தப் பேர். பாசி எடுக்கும் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முங்கி முங்கி எடுக்கிறார்கள். அக்காவின் கையை அன்றுதான் கவனித்துப் பார்த்தேன், துணி சுற்றியும் விரல் நுனியெல்லாம் கீறல். இந்தச் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் இலட்சுமி மூர்த்திக்குத்தான் 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு அமெரிக்க அமைப்பு ஒன்று தரும் சீகாலஜி விருது கிடைத்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கக்கூடாது என்பது இந்தப் பெண்களுக்குத் தினசரிப் போராட்டம். நம்மைப் போன்றவர்கள் விடுமுறைக்குப் போய் அள்ளிவருவதை விட இவர்களிடம் காசு கொடுத்து வாங்குவதுதான் எல்லா வகையிலும் சரி.

அன்று அக்கா வீட்டில் கஞ்சிப்பாசி இருப்பில்லை. பக்கத்து வீட்டில் காய்ந்துகொண்டிருந்த பெப்சிப் பாசியில் ஒரு கை அள்ளிச் சும்மாவே கொடுத்தார்கள். மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிறார்களே, அதுதான். பெப்சி கம்பெனி வழியாக இங்கே வந்ததால் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. வீட்டில் ஊறவைத்துக் கீரைபோல நறுக்கி, வெங்காயம் எலுமிச்சை சேர்த்துக் கொடுத்தேன். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். அப்படி ஓர் உப்பு. காய்ந்த பெப்சிப் பாசியின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதில் பெரும்பங்கு பொட்டாசியம் குளோரைடு. சாப்பாட்டு உப்பென்று நினைத்து ஏமாறக்கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து. அத்தோடு அதை விட்டேன்.

பத்து நாள் கழித்து அக்கா ஒரு கிலோ காய்ந்த கஞ்சிப்பாசி கொடுத்தனுப்பினார், 200 ரூபாய். ஊதா கலந்த கறுப்பு நிறத்தில், மண்ணும் குட்டிச் சிப்பியும் பின்னிக் கிடந்தது. அதைக் கழுவுவதிலும் ஒரு தப்பு நடந்தது. வீட்டு போர் தண்ணீரில் நாலு முறை அலசினேன். எங்கள் ஊர் போர் தண்ணீரே உப்பு, அதில் கடல் உப்பை எப்படிப் போக்குவது? காய்ந்ததும் பாசி மறுபடி கரகரவென்று உப்புப் பூத்தது. அப்புறம் காவிரித் தண்ணீர் குடம் 12 ரூபாய்க்கு மூன்று குடம் வாங்கி, அதில் அரை மணி நேரம் ஊறவைப்பது, பிழிவது, மொட்டைமாடியில் வெள்ளைத் துணி விரித்து உலர்த்துவது, மறுநாள் மறுபடி நனைத்து உலர்த்துவது என்று ஐந்து நாள் செய்தேன். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஐந்தாம் நாள் வைக்கோல் நிறம். கடல் வாடை முக்கால்வாசி போய்விட்டது. சிப்பியெல்லாம் பொறுக்கியபின் நிறுத்தால் 620 கிராம். சமையல் தராசு ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். இந்த வேலைக்கு வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

காய்ச்சுவதில் அளவு பிடிபட நாலு முறை ஆனது. 10 கிராம் பாசிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று தொடங்கினேன், உறையவே இல்லை, கொழகொழவென்று கஞ்சியாக நின்றது. அடுத்து 20 கிராம் போட்டு, வாடை போகட்டும் என்று முதலிலேயே புளிக்கரைசல் ஊற்றி முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். அதுவும் உறையவில்லை. புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் உறையும் குணமே உடைந்துபோகும். இப்போது புளிப்பு எதுவானாலும் ஆறிய பிறகுதான். மூன்றாவது முறை வெறும் தண்ணீரில் 20 கிராமை முக்கால் மணி நேரம் காய்ச்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். ஒரு மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி உறைந்தது. கீழக்கரைத் தட்டு நினைவுக்கு வந்தது. ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

அதை மூன்று வாரம் கொடுத்தேன். சர்க்கரையில் ஓர் அசைவும் இல்லை. பசியிலும் இல்லை.

ஒரு நாள் துணியில் தங்கிய சக்கையைக் குப்பையில் கொட்டும்போதுதான் உறைத்தது. நார்ச்சத்தில் ஒரு பங்கு இந்தச் சக்கையோடு போகிறது. எனக்கு வேண்டியது பார்க்க அழகான தட்டு இல்லையே, வயிற்றில் நிற்கிற நார்தானே. அன்றோடு வடிகட்டுவதை நிறுத்தினேன். வெந்ததை மிக்சியில் அடித்துப் பார்த்தேன். சூட்டில் ஆவி முட்டி மூடி தெறித்து, முன்கையில் ஒரு கொப்புளம். அதனால் முறையைத் தலைகீழாக்கினேன். இரவெல்லாம் ஊறிய பாசியை முதலில் பச்சையாகவே கொரகொரப்பாக அரைத்துவிட்டு, பிறகு காய்ச்சுவது. இதில் இரண்டு லாபம். கை சுடாது. வேகும் நேரமும் முக்கால் மணியிலிருந்து 20 நிமிடமாகக் குறைந்தது.

இப்போது செய்வது இதுதான். சுத்தம் செய்து காயவைத்த கஞ்சிப்பாசி 20 கிராம், இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டு அரைக்கிறேன். மொத்தம் 800 மில்லி தண்ணீரில் அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் 20 நிமிடம். கரண்டியை எடுக்கக்கூடாது, அடி பிடிக்கும். இறக்கும்போது 700 கிராமுக்குப் பக்கம் இருக்கும். எவர்சில்வர் தட்டில் ஊற்றினால் கை பொறுக்கும் சூட்டிலேயே உறையத் தொடங்கும், உறைய ஃபிரிட்ஜ் தேவையில்லை. நாலு பங்கு, ஒவ்வொன்றும் 175 கிராம். மூன்று நாளைக்கு மேல் வைக்கமாட்டேன். ஒரு பங்கைச் சின்னச் சதுரமாக வெட்டி, கெட்டி மோர் அரை டம்ளர், துருவிய இஞ்சி, பச்சைமிளகாய், கடுகு கறிவேப்பிலை தாளிப்பு, கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை. உப்பு சேர்ப்பதில்லை. பார்க்கக் கலங்கலாக, நுங்குக்கும் கூழுக்கும் நடுவில் இருக்கும். முதல் நாள் அம்மா, ‘என்னய்யா இது, வழவழன்னு’ என்றார். இஞ்சியைக் கூட்டியபின் ஏற்றுக்கொண்டார். சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்னால், நன்றாக மென்று, பின்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீர். முதல் வாரம் வயிறு உப்பியது. அப்போது பாதிப் பங்காக்கிப் பத்து நாளில் மெல்ல முழுப் பங்குக்கு வந்தோம்.

இதோடு சோற்றையும் 300 கிராமிலிருந்து 180 ஆகக் குறைத்தோம். ஒரே வாரத்தில் எண்கள் இறங்கின. 185, 172, 179. நான் துள்ளிக் குதித்து அக்காவுக்குப் போன் செய்தேன், சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொன்னேன்.

அப்போதுதான் டாக்டர் சொன்னது உறுத்தியது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியிருக்கிறேன். இறக்கியது பாசியா, குறைத்த சோறா? அதைப் பிரித்துப் பார்க்காமல் விடக்கூடாது என்று 12 நாள் ஒதுக்கினேன். எல்லா நாளும் அதே அரிசி, சாம்பார், பீன்ஸ் பொரியல், மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. சோற்றை வடித்து ஆறியபின் தராசில் நிறுத்தேன். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. அம்மா குறை சொல்லாமல் ஒத்துழைத்தார், விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. ஒரு நாள் மட்டும் 290 காட்டியது. பதறிப்போய்க் கேட்டால், சற்றுமுன் பேத்திக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தாராம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தினால் 201. விரலில் ஒட்டிய பழச்சாறு ஒன்றே போதும் ஒரு வீட்டைக் கலங்கடிக்க. அந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் இன்னொரு நாள் கூட்டிக்கொண்டேன்.

300 கிராம் சோறு, பாசி இல்லாமல்: 241, 228, 252. அதே 300 கிராம், முன்னால் பாசி: 226, 239, 219. சோறு 180 கிராம், பாசி இல்லாமல்: 196, 188, 203. சோறு 180 கிராம், முன்னால் பாசி: 176, 190, 171.

சராசரி போட்டால் 240, 228, 196, 179. சோற்றைக் குறைத்ததால் மட்டும் 44 இறங்கியிருக்கிறது. பாசியால் 12-லிருந்து 17 வரை. வீட்டுக் கருவிக்கே 15 சதவீதம் மேலே கீழே போக அனுமதி உண்டு. உண்மையில் 200 இருந்தால் கருவி 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம். அப்படியென்றால் பாசியின் பங்கு அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும். நோட்டை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நோட்டில் இன்னொரு வரிசையும் இருந்தது. மாலை ஐந்து மணிக்கும் ஒரு முறை பார்த்துக் குறித்திருந்தேன், பக்கத்தில் அம்மா இடையில் என்ன சாப்பிட்டார் என்றும். பாசி இல்லாமல் சோறு மட்டும் குறைந்த மூன்று நாளும் மூன்றரை மணிக்குள் பிஸ்கட், ஒரு நாள் அதோடு அவல் வேறு. ஐந்து மணிக்கு 210-க்குக் குறையவில்லை. பாசியோடு சோறு குறைந்த மூன்று நாளும் இடையில் ஒன்றுமே இல்லை, சீனி போடாத டீ மட்டும். ஐந்து மணிக்கு 150-க்குள். நான் இத்தனை நாளும் தேடியது வேறு பக்கம். பாசி அம்மாவின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்ததை விட, 120 கிராம் சோறு இல்லாமல் மாலை வரை அவரை இருக்கவைத்ததுதான் பெரிது. 11 வருடமாக டாக்டர் சொல்லியும் முடியாத ஒன்று அது.

இதே முறையில் மூன்று மாதம் ஓட்டிவிட்டுப் போன வாரம் மூன்று மாதச் சராசரியைப் பரிசோதித்தால் 8.4 இருந்தது 7.5. டாக்டர் நோட்டை வாங்கி முழுதாகப் படித்தார். மாத்திரையை அப்படியே தொடரச் சொன்னார்.

செலவைக் கூட்டினேன். ஸ்டிரிப் 50 கொண்ட டப்பா இரண்டு, 2,100 ரூபாய். தராசு 450, தைராய்டுப் பரிசோதனை 250, பாசி 200, வீணான சைனா கிராஸ் 120, தண்ணீர் 36. மொத்தம் 3,156. ஆனால் பாசியை மட்டும் எடுத்தால் 620 கிராமில் 124 பங்கு வரும், ஒரு வேளைக்கு 1 ரூபாய் 60 காசு. வேலைதான் அதிகம். அந்த ஐந்து நாள் கழுவலை அக்காவே செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், கிலோவுக்கு 400. அவர் கேட்டது குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது. 500 கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன்.

அடுத்த முறை தொடங்கினால் முதலில் சோற்றை நிறுப்பேன், அதற்கப்புறம்தான் பாசியைத் தொடுவேன். ஸ்டிரிப்பைக் கண்டபடி செலவழிக்காமல் முதல் நாளிலிருந்தே வகைக்கு ஐந்து நாள் என்று திட்டம் போடுவேன். வகைக்கு மூன்று நாள் போதவில்லை.

இன்னும் ஒன்றைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். சோற்றுக்கு முன்னால் 175 கிராம் வெள்ளரிக்காயோ, வேகவைத்த பீன்ஸோ கொடுத்திருந்தால் மாலை வரை அம்மா தாங்கியிருப்பாரா? பாசிதான் வேண்டுமா, வயிற்றை முதலில் நிரப்புகிற எதுவும் போதுமா? போன சனிக்கிழமை அம்மாவிடம் கேட்டேன், இன்னொரு பத்து நாள் விரல் கொடுக்கிறீர்களா என்று. ‘வெள்ளரிக்காய்னா தாளிச்சுக் கொட்டாதே, பச்சையாவே கொடு’ என்றார். நாளை மறுநாள் சந்தை. இரண்டு கிலோ வாங்க வேண்டும்.